போடாத கேஸ்

அவர் கேஸ் போடுவதாக மிரட்டி நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டுச் சேவலைத்தான். அப்போதுதான் கல்யாணமாகி அந்தத் தோட்டக் குடியிருப்புக்கு வந்திருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். வேலியோரம் ஒருவர் வெள்ளை முழுக்கைச் சட்டையில் நின்று கூண்டுக்குள் குனிந்து பார்த்து, "இன்னொரு தடவ இந்நேரத்துக்குக் கூவுனே, கேஸ் போட்டுடுவேன் பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாமியார் அடுப்படியில் இருந்தபடியே, "அதுக்குப் படிக்கத் தெரியாதுங்க, நோட்டீஸ நீங்களே படிச்சுக் காட்டிட்டுப் போங்க" என்று குரல் கொடுத்தார். மாமியாரை நான் மனசார ரசித்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அவர் சிரம்பானில் ஒரு லாயருக்குப் பல வருஷம் காடி ஓட்டியவர். லாயர் கோர்ட்டுக்குள் போவார். இவர் வெளியே மரநிழலில் காடியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுக் காற்று வாங்குவார். அத்தனை வருஷம் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்ததில் சட்டம் தன் உடம்பில் ஊறிவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது ஊறியதையெல்லாம் பிழிந்து எங்கள் தலையில் விட ஆரம்பித்தார். மழை பெய்தால்கூட "இது எந்த செக்‌ஷன்ல வருது தெரியுமா?" என்பார். எந்த செக்‌ஷன் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நேரில் எல்லோருக்கும் அவர் 'அண்ணே'. முதுகுக்குப் பின்னால் 'கேஸ்காரர்'. 'கேஸ்' என்ற சொல்லை உச்சரிக்கும் முன் அவர் செய்யும் சடங்கு ஒன்று உண்டு. சட்டையின் கழுத்துப் பட்டனை மெதுவாகப் போட்டுக்கொள்வார். கை கழுத்துக்குப் போனாலே எதிரில் இருப்பவர் உஷாராகிவிடலாம். ஒட்டுக்கடைக்காரன் அதைப் பார்த்துப் பழகிப்போய், பட்டன் துளைக்குள் நுழையும் முன்பே புது கோப்பி கொண்டுவந்து வைத்துவிடுவான். ஒருதடவை கோப்பியில் எறும்பு மிதந்தது. "கேஸ் போட்டுடுவேன்" என்றார். புது கோப்பி வந்தது. பழையதை எறும்போடு சேர்த்து முதலிலேயே குடித்து முடித்திருந்தார் என்பதைக் கடைக்காரன் பிறகுதான் கவனித்தான்.

கோயில் பொங்கலில் முந்திரி குறைந்தால் கேஸ். பஸ் நிற்காமல் போனால் கேஸ். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை தன் பக்கம் எட்டிப் பார்த்தால் கேஸ், காய்த்திருந்தால் மட்டும் கேஸ் இல்லை. இத்தனை கேஸில் ஒன்றையாவது அவர் எங்கேயாவது போய்ப் போட்டாரா என்றால், கிடையாது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பஸ் அவர் வீட்டுக்கு எதிரிலேயே நிற்க ஆரம்பித்தது. குருக்கள் அவருக்கென்று முந்திரி அரித்து எடுத்து வைத்தார். எங்கள் வரிசையில் தெருவிளக்கு அவிந்து கிடந்தபோது, நகராண்மைக் கழகத்துக்கு அவர்தான் போன் போட்டு, "நாளைக்கே கோர்ட்டுல பாப்போம் லா" என்றார். மறுநாள் ஏணியோடு ஆள் வந்தது. அதனால் அவரைக் கிண்டல் செய்துகொண்டே அவரிடம் வேலையும் வாங்கிக்கொண்டோம். குரைக்கிற நாய் கடிக்காது என்பது ஊருக்கே தெரியும். ஊருக்கு வெளியே உள்ளவனுக்குத் தெரியாது இல்லையா, அது போதும்.

நிஜமாகவே கேஸ் போடவேண்டியவர்கள் வந்து கேட்டால் மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். "சட்டத்துல இடம் இருக்கு. ஆனா நேரம் பாத்து அடிக்கணும்" என்பார். அந்த நல்ல நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் வரவில்லை.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் செம்பனை எண்ணெய் மில் இருந்தது. மில்லுக்குப் பின்னால் கழிவுத் தண்ணீரைத் தேக்கும் குளங்கள். புளித்துப் பொங்கிய தோசை மாவில் எலி செத்து விழுந்தால் என்ன வாடை வருமோ அந்த வாடை. கறுப்புத் தண்ணீர் நாள் முழுக்கக் கொப்புளம் விட்டுக்கொண்டே இருக்கும். குளங்களைத் தாண்டினால் ஹுத்தான் சிம்பான், அரசாங்கம் பொதுச்சொத்தாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் காடு. மலாய்க்காரர் மொழியில் சிம்பான் என்றால் எடுத்துவைப்பது. யாருக்காக எடுத்துவைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் காட்டுக்குள்ளிருந்து ஓர் ஆறு வரும். ஆறு என்று நாங்கள் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் வாய்க்கால் என்பார்கள். குடிக்கலாம் போன்ற தண்ணீர். அந்தக் கரையில்தான் என்னுடைய கீரைப் பாத்திகள் இருந்தன. கங்கோங், பாயாம், ஓரத்தில் கொஞ்சம் மரவள்ளி. என் வீட்டுக்காரருக்குப் போர்டிக்சனில் காவல் வேலை, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எங்கள் வீட்டு அடுப்பு அவர் சம்பளத்தில் பாதியும் என் கீரையில் பாதியும் எரிந்தது. விடியற்காலையில் கட்டுக்கட்டி தெமியாங் பக்கம் கொண்டுபோய் விற்பேன். என்னைப்போல் எங்கள் வரிசையில் மற்ற வீட்டுக்காரர்களும் அங்கே பாத்தி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு சங்கடம், எங்கள் பாத்திகள் எல்லைக்கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் கொஞ்சம் காலை நீட்டிப் படுத்திருந்தன. அனுமதிச் சீட்டு யாரிடமும் இல்லை. பாத்தி இல்லாத ஆள் எங்கள் வரிசையில் கேஸ்காரர் ஒருவர்தான். வெள்ளைச் சட்டையில் சேறு படுமே.

இந்த நிலைமையில்தான் மில் கம்பெனி எங்களை பாலாய் ராயாவுக்கு, அதாவது ஊர்ப் பொது மண்டபத்துக்கு, கூட்டம் என்று கூப்பிட்டது. கோலாலம்பூரிலிருந்து டை கட்டிய ஒரு தமிழ்த் தம்பி வந்திருந்தார். நல்ல பிள்ளை, சிரித்த முகம். சிரித்த முகத்தோடு மைக்கைப் பிடித்து, "வணக்கம். ஹுத்தான் சிம்பான் உள்ள நாங்க கேஸ் போடப் போறோம்" என்றார்.

 அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டது. பாத்திக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இத்தனை வருஷம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு இப்போது ஒரேயடியாகக் கேஸ் போடப் போகிறார்கள் என்று நான் கீரை விற்ற காசை மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். தன் சொல்லை வேறொருவன் மைக்கில் சொல்லக் கேட்ட அவர் மெதுவாக எழுந்தார். கழுத்துப் பட்டன் போடப்பட்டது.

"யாரு மேல?" என்றார்.

"மேல இல்ல அங்கிள், பெரும்பாலும் கீழதான் போடுவோம்."

"கீழ்க் கோர்ட்டுலயா?"

தம்பிக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. "ஆமா அங்கிள், கீழதான். சில எடத்துல மட்டும் மேல போகும்."

"அப்ப அப்பீல் வரைக்கும் போவீங்க?"

"எவ்ளோ தூரம் போகணுமோ அவ்ளோ தூரம் போவோம் அங்கிள். கம்பெனி சப்போர்ட் இருக்கு லா."

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்குவது போன்ற ஒரு பிதுக்கல் இருந்தது. "எத்தனை வருஷம் நடக்கும்?" என்று கேட்டார்.

"இருபது வருஷம் நிக்காம ஓடும், கேரண்டி!" என்றார் தம்பி பெருமையாக.

என் பக்கத்தில் இருந்த அக்கா எழுந்தே விட்டார். கண்ணில் தண்ணீர். "தம்பி, நாலு பாத்தி கீரைப்பா. அதுக்குப் போயி இருபது வருஷமாப்பா?"

"கீரைக்கு ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. கேஸ் உங்க கீரகிட்டகூட வராது."

"வராதுன்னா அப்புறம் எதுக்குப் போடறீங்க?"

தம்பிக்கு வியர்த்துவிட்டது. வெள்ளைப் பலகையில் படம் வரைந்தார். ஒரு குளம், குளத்தின் மேல் ஒரு மூடி, மூடியிலிருந்து ஒரு குழாய். குளத்தில் கொப்புளம் விடுகிறதே, அந்தக் காற்று மேலே போய் ஆகாயத்தைச் சூடாக்குகிறது, அதை அப்படியே பிடித்துக் குழாயில் இழுத்துக் காட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எரித்துக் கரண்டு எடுக்கப் போகிறோம், காட்டுக்கு நடுவே போனால்தான் தூரம் குறைவு என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அடுப்புல எரியுதே ஆன்ட்டி, அந்த கேஸ்!" என்றார்.

அந்த கேஸா! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மண்டபம் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். அழுத அக்கா அந்தத் தம்பியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்க. அந்தச் சந்தோஷத்தில் ஆற்றுக்கு என்ன ஆகும், எத்தனை மரம் விழும், குழாயில் ஏதாவது ஒழுகினால் எங்கே போகும் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றார் தம்பி. கேஸ் இல்லை என்ற பிறகு ஆட்சேபம் எதற்கு? கேஸ்காரர் மேடைக்கே போய் நன்றியுரை ஆற்றினார். "எங்க மேல போடாம காட்டு மேல போட்ட கம்பெனிக்கு ஊர் சார்பா நன்றி" என்றார். எல்லோருக்கும் நாசி லெமாக் பொட்டலம் கிடைத்தது. அவருக்கு இரண்டு.

உலகத்தில் வேறு எந்த ஊரும் ஒரு சொல்லுக்குப் பயந்து, அதே சொல்லைக் கேட்டுக் கைதட்டிக் காட்டைக் கொடுத்திருக்காது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஆகாயத்தைக் காப்பாற்ற மரங்களை வெட்டினார்கள். குழாய் ஒல்லிதான், ஆனால் அதைப் பதிக்கிற யந்திரம் போகப் பாதை வேண்டும், யந்திரம் திரும்ப இடம் வேண்டும், மண்ணைக் கொட்ட இன்னும் இடம் வேண்டும். காட்டுக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி செம்மண் கோடு ஒன்று விழுந்தது. மழை வந்தால் அந்தச் செம்மண் முழுக்க ஆற்றில் இறங்கும். காட்டுக்குள் ஒரு திடலை வழித்தெடுத்து உயரமான புகைபோக்கி ஒன்றை நிறுத்தினார்கள். கரண்டு யந்திரம் ஓடாத நாட்களில் கேஸ் அதன் உச்சியில் எரியும். யந்திரம் ஓடாத நாட்கள்தான் அதிகம். தீபாவளி முடிந்தும் அணைக்க மறந்த மாதிரி ராப்பகலாக எரிந்தது. பூச்சிகள் அதில் போய் விழுந்தன. பழுத்த மரத்துக்குச் சத்தமாக இறக்கை அடித்துக்கொண்டு வரும் இருவாச்சிகள் வேறு பக்கம் போய்விட்டன. குரங்குகள் மட்டும் போகவில்லை, எங்கள் சமையற்கட்டுக்கு வந்தன. காட்டுப்பன்றிகள் என் மரவள்ளியைக் கிண்டின.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால், குளத்து வாடை குறைந்தது. கறுப்பு விரிப்பு போட்டு மூடியதும் அது பூரி மாதிரி உப்பிக்கொண்டது, வாடை அதற்குள் அடங்கியது. வாடை போனதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது நேராக ஆற்றுக்கு வந்துவிட்டது. குழாய்க்குள் கேஸோடு ஈரமும் போகுமாம். அது குளிர்ந்து பள்ளமான இடங்களில் தண்ணீராகத் தேங்குமாம். அதைத் திறந்துவிடாவிட்டால் கேஸ் நகராதாம். திறந்து எங்கே விடுவது? பள்ளத்துக்குக் கீழே ஆறு சும்மாதானே ஓடிக்கொண்டிருக்கிறது. அழுகிய முட்டை வாடையோடு மஞ்சளாகச் சொட்டியது. செப்பாட் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. என் கங்கோங் தண்டு உள்ளேயே கறுத்து, பிடித்தால் கையோடு வந்தது. தெமியாங்கில் வாடிக்கையாக வாங்கும் சீனத்தி ஒரு கட்டை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

கேஸ்காரரிடம் போனோம். வேறு யாரிடம் போவது? புகார் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், "நீங்கள் காட்டுக்குள் என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அவருக்குப் பாத்தி இல்லை. ஊரிலேயே கை சுத்தமான ஒரே ஆள் அவர்தான், அதுவும் கையை எதிலும் வைக்காததால்.

அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். போனில் பேசுபவருக்குத் தெரியாது என்றாலும் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் பேசினார். "கேஸ் போட்டுடுவேன்" என்றார். "ஏற்கெனவே போட்டாச்சே அங்கிள்" என்று அந்தப் பக்கம் சொன்னதாகக் கேள்வி. எப்படியோ விளங்கவைத்துவிட்டார். அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு நீல டிரம் வந்தது. அடுத்த மிரட்டலுக்குத் தண்ணீர் லாரி வந்தது. அதற்கடுத்த மிரட்டலுக்கு அவருக்கு மட்டும் ஒரு மஞ்சள் தலைக்கவசமும் பளபளக்கும் மேல்சட்டையும் வந்தன, ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவில் பேசும் ஆளாம். அதை மாட்டிக்கொண்டு ஒட்டுக்கடையில் வந்து உட்கார்ந்தார். கூரை விழுந்தால்கூட அவருக்கு ஒன்றும் ஆகாது.

"பாத்தியா தங்கச்சி, போடாமலே எல்லாம் வருது" என்றார் என்னிடம்.

"டிரம்முல கங்கோங் மொளைக்குமாண்ணே?"

"அவசரப்படாத. நேரம் பாத்து அடிக்கணும்."

நேரம் தானாகவே அவரைத் தேடி வந்தது. அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார், மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். சேற்றுக்குள் எங்களோடு இறங்கி ஆற்றைப் பார்த்தார், மஞ்சள் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டார். பிறகு ஒட்டுக்கடை முன்னால் எல்லோரையும் நிறுத்தி மலாயில் சொன்னார். கம்பெனி இரண்டாவது குழாய் ஒன்று கேட்டிருக்கிறதாம். அது ஆறு பிறக்கும் இடத்தையே தாண்டிப் போகுமாம். ஊர்க்காரர் யாராவது ஒருவர் அடுவான், அதாவது புகார், எழுதிக் கொடுத்தால் நிறுத்தி வைத்து விசாரிக்க வழி இருக்கிறது. ஒருவரும் கொடுக்காவிட்டால், முதல் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டியதுதான் காகிதத்தில் நிற்கும்.

எல்லோரும் கேஸ்காரரையே பார்த்தோம். தலைக்கவசத்தைக் கழற்றினார். எழுந்து நின்றார். பட்டனைப் போட்டார். வாழ்நாளில் பேசிய எல்லா மிரட்டலையும் ஒன்றாகத் திரட்டின மாதிரி மலாயில் கணீரென்று சொன்னார்: "சாயா போலே சாமான்!" அதாவது, நான் கேஸ் போட்டுவிடுவேன், தெரியுமா!

அந்த அம்மா சிரித்தார், நல்ல சிரிப்பு. பேனாவை நீட்டினார். "போலே. சிலாக்கான்" என்றார். தாராளமாகப் போடுங்கள் என்று அர்த்தம்.

அவர் வாழ்க்கையில் அந்தப் பதிலை யாருமே சொன்னதில்லை. கோப்பி கொடுத்திருக்கிறார்கள், முந்திரி கொடுத்திருக்கிறார்கள், டிரம் கொடுத்திருக்கிறார்கள். 'போடுங்கள்' என்று ஒருவரும் சொன்னதில்லை. பேனாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "கண்ணாடி வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று நடந்தார். நாங்கள் காத்திருந்தோம். கோப்பி ஆறியது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாளை சாயந்திரம்வரை அலுவலகத்தில் இருப்பேன், யாராவது வாருங்கள் என்று சொல்லிப் புறப்பட்டார். கண்ணாடி வரவே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னாண்ணே?" என்றேன் மூக்கைக் காட்டி.

டிவியை நிறுத்தினார். "உக்காரு தங்கச்சி."

"உக்கார வரல. ஏன் போடல? உங்களுக்குப் பாத்தி இல்ல, பயம் இல்ல. ஒரு கையெழுத்துண்ணே. ஆறு போயிடும்."

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பட்டன் திறந்தே கிடந்தது. அப்புறம் சின்னக் குரலில் சொன்னார். "நான் கோர்ட்டு வாசல்ல உக்காந்து எத்தனையோ பேரப் பாத்துட்டேன். உள்ள போறப்ப சிங்கம் மாதிரி போவான். வர்றப்ப சட்டை நனைஞ்சு வருவான். போட்ட கேஸுன்னா தோக்கும் தங்கச்சி. போடாத கேஸு தோத்ததா எங்கயாச்சும் கேட்டிருக்கியா? நான் போட்டுத் தோத்துட்டேன்னு வை, அப்புறம் எவன் எனக்கு பயப்படுவான்? பஸ்ஸு நிக்குமா? இந்த வாய விட்டா எங்கிட்ட வேற என்னா இருக்கு?"

அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று போயிருந்தேன். பாவமாகிவிட்டது. பாவமாகிவிட்டதே என்று இன்னும் எரிச்சல் வந்தது. கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் நானே போய் எழுதிக் கொடுத்தேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்தபடியே ஆயிற்று. விசாரிக்க வந்தவர்கள் ஆற்றைப் பார்க்கும் முன்னால் பாத்தியைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் எச்சரிக்கை. பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தவள் நான் ஒருத்திதானே, எனக்கு மட்டும் கோர்ட்டு. அனுமதியில்லாமல் ஹுத்தான் சிம்பானுக்குள் நுழைந்து பயிர் செய்த குற்றம். காட்டை நடுவில் பிளந்து புகைபோக்கி நட்டவனிடம் அனுமதி இருந்தது, நாலு பாத்தி கங்கோங் போட்டவளிடம் இல்லை. சட்டம் சட்டம்தான். அன்றைக்கு மண்டபத்தில் எதற்குப் பயந்தோமோ அந்த கேஸ் அசலாகவே வந்து சேர்ந்தது. கன்னம் வழித்து நெட்டி முறித்த அக்கா, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டா" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். சிலர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது குழாய் என்ன ஆயிற்று என்று எவரும் சொல்லவில்லை.

கோர்ட்டு நாளன்று என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் கேஸ்காரருடைய பழைய காடி நின்றது. வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"ஏறு. வழி எனக்குத்தான் தெரியும்" என்றார்.

சிரம்பானுக்கு எனக்கும் வழி தெரியும். ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அறிவுரை. "உள்ள போனதும் குனிஞ்சு கும்பிடு. கேட்டாத்தான் பேசு. அழுதுடாத, எழுதிக்குவாங்க." கோர்ட்டு வந்ததும் பழக்கம் போல மரநிழலைத் தேடிக் காடியை நிறுத்தினார். "நீங்க வரலியாண்ணே?" என்றேன். "நான் எப்பவும் வெளியதான்" என்றார்.

உள்ளே காத்திருந்ததுதான் அதிகம், நடந்தது கொஞ்ச நேரம். ஒப்புக்கொள்கிறாயா என்றார்கள், ஒப்புக்கொண்டேன். அபராதம். மாதம் முடிவதற்குள் பாத்திகளைக் கலைத்துவிடவேண்டும். அழவில்லை. வெளியே தாழ்வாரத்தில் அந்த அரசாங்க அம்மா எனக்காக நின்றிருந்தார். என் புகாரை வைத்து விசாரித்ததில் இரண்டாவது குழாய்க்கு அந்த வழியில் அனுமதி இல்லை என்று முடிவாகிவிட்டதாம். முதல் குழாயில் ஒழுகும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அள்ளிப் போகவேண்டும், ஆற்றில் விடக்கூடாது என்றும் உத்தரவு போயிருக்கிறதாம். விழுந்த மரங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. புகைபோக்கியும் அங்கேயேதான் இருக்கும். என் கையைப் பிடித்து ஒருதடவை அழுத்திவிட்டுப் போனார்.

காடிக்கு வந்தேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

"ஜெயிச்சியா?"

"தோத்துட்டேண்ணே. அபராதம். பாத்தியெல்லாம் கலைக்கணும்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். நான் அப்போதே சொன்னேனே என்று அந்தத் தலை சொல்லியது. ஒரு நிமிஷம் அவருக்குத் திருப்திகூட இருந்தது, மறைக்கத் தெரியவில்லை.

"ஆனா ரெண்டாவது கொழா வராதாம். ஒழுகற தண்ணியையும் ஆத்துல விடக்கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்களாம்."

சாவியைப் போட்டவர் காடியைக் கிளப்பவில்லை. காடியின் முன்கண்ணாடி வழியாகக் கோர்ட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் உள்ளே போய்க்கொண்டும் வெளியே வந்துகொண்டும் இருந்தார்கள். எத்தனை வருஷம் இதே இடத்திலிருந்து பார்த்த வாசல்!

"தோத்தாலும் நடக்குமா தங்கச்சி?" என்றார்.

அவரைக் குத்திக் காட்ட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. எத்தனையோ வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வெளியே வரவில்லை. பரீட்சை முடிந்து விடை தெரிந்த பிறகு கேள்வித்தாளைப் பார்க்கிற பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"நடக்கும்ண்ணே" என்றேன். "ஆனா போடணும்."